வடிகால் மூடியும் வார்டு கூட்டமும்: முதல் தடவை போகிறவர்களுக்கு

"அக்கா, வார்டு மீட்டிங்னு கடைக் கண்ணாடியில நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. நாம போலாமா? நமக்குத்தான் இங்க ஓட்டே கிடையாதே" என்று கோயிலில் கூழுக்கு வரிசையில் நிற்கும்போது மதுரையிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள். வரிசை நகர்ந்துவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். போகலாம். ஓட்டு வேறு, கூட்டம் வேறு. தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம் 'உள்ளூர்ச் சமூகம்' என்று யாரைச் சொல்கிறது என்று படித்துப் பார்த்தால், அங்கே குடியிருப்பவர்கள், வரி கட்டுபவர்கள், குடியிருப்பாளர் சங்கம் மாதிரியான சிவிக் அமைப்புகள், அவ்வளவு ஏன், வெளியூரில் இருந்துகொண்டு இங்கே வந்து போய்ச் சேவைகளைப் பயன்படுத்துகிறவர்கள் வரைக்கும் சேர்த்திருக்கிறார்கள். வாக்குச்சீட்டு குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அதே தண்ணீர்தான், உங்கள் குப்பைப் பையையும் அதே வண்டிதான் எடுக்கிறது, ஆகவே ஹாலில் நாற்காலி போட்டு உட்கார உங்களுக்கும் உரிமை உண்டு.

நான் கல்யாணம் ஆகி டர்பன் பக்கம் வந்து ஒன்பது வருடம். முதல் ஆறு வருடம் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் தெரு முனையில் மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி காணாமல் போனது, பழைய இரும்புக்காக யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன் அதில் கால் விட்டுவிட்டான். நல்லவேளை, சிராய்ப்போடு போனது. நான் சமையலறையில் நின்று அரைமணி நேரம் புலம்பினேன். என் மாமியார் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், இங்கத்திய இங்கிலீஷுக்கு நடுவே பருப்பு, ரசம், 'அய்யோ', 'வா', 'போ' என்று அவருக்குத் தெரிந்த தமிழைக் கலந்து பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "என்கிட்ட சொல்லி என்ன, போ, மீட்டிங்ல சொல்லு" என்றார். அவருக்கு அது சாதாரண விஷயம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சரி, முதல் பாடம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது: எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொண்டு போங்கள். 'கம்யூனிட்டி மீட்டிங்' என்ற ஒரே பெயரில் குறைந்தது ஐந்து விதமான கூட்டம் நடக்கிறது. நான் முதல் தடவை போனது ஒரு கட்சியின் கிளைக் கூட்டம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், தப்பு அவர்களுடையது இல்லை. அதே ஸ்கூல் ஹால், கிழமையும் அதே ஞாயிறுதான், நான்தான் வாரத்தைத் தப்பாகக் குறித்துவைத்திருந்தேன். உள்ளே போனதும் ஒரு தாளை நீட்டினார்கள், வருகைப் பதிவு என்று நினைத்துப் பெயர், முகவரி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்த பிறகுதான் அது உறுப்பினர் சேர்க்கைப் படிவம் என்று புரிந்தது. பக்கத்தில் இருந்த ஆன்ட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் ஒன்றரை மணி நேரம், எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு பிரதிநிதித் தேர்வைப் பற்றிய சண்டையைக் கேட்டுவிட்டு, வடிகால் மூடியைப் பற்றி வாயே திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். தாளின் தலைப்பைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆக, விதங்கள். கவுன்சிலர் கூப்பிடும் பொதுக் கூட்டம் என்று ஒன்று, இதற்குத்தான் நீங்கள் போக வேண்டும், யாரும் வரலாம். வார்டு கமிட்டி என்பது வேறு. 1998ஆம் ஆண்டின் முனிசிபல் ஸ்ட்ரக்சர்ஸ் சட்டத்தின்படி அதற்கு வார்டு கவுன்சிலர்தான் தலைவர், அவரோடு அதிகபட்சம் பத்துப் பேர் இருப்பார்கள். பெண்கள், இளைஞர்கள், வியாபாரிகள், மத அமைப்புகள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் ஆள் இருக்கும்படி தேர்ந்தெடுக்கப் பார்ப்பார்கள். அவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, போக்குவரத்து மாதிரிக் கைச்செலவுக்கு மட்டும் ஏதோ கொடுப்பார்கள். அவர்கள் கையில் பணமும் இல்லை, அதிகாரமும் அதிகம் இல்லை, பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் அவர்கள் மேல் அனாவசியமாகக் கோபப்பட மாட்டீர்கள். மூன்றாவது சிவிக். ரேட்பேயர்ஸ் சங்கம், அதாவது சொத்து வரி கட்டுகிறவர்களின் சங்கம் என்றும் சொல்வார்கள், குடியிருப்பாளர்கள் தாங்களாகவே நடத்துவது, கவுன்சிலரை விருந்தாளியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். நான்காவது காவல்நிலையத்தோடு சேர்ந்த சி.பி.எஃப்., அதாவது போலீஸும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து உட்காரும் மன்றம், திருட்டு, போதைமருந்து மாதிரி விஷயங்களுக்கு அங்கே போக வேண்டும். ஐந்தாவது கட்சிக் கிளை. கிளைக்கென்று தனி விதிகள் இருக்கும், உதாரணத்துக்கு ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸில் ஒரு கிளை என்று அங்கீகாரம் பெறவே குறைந்தது 100 உறுப்பினர்கள் வேண்டும், மற்றக் கட்சிகளில் வேறு கணக்கு. உறுப்பினர் இல்லாதவர் அங்கே போனால் வெறும் பார்வையாளர்.

தேதியைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த தலைவலி. நம்மூரில் கிராம சபை என்றால் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். இங்கே அப்படி நிலையான நாள் கிடையாது. கவுன்சிலர்களுக்கான நடத்தை விதியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மக்களிடம் வந்து அறிக்கை சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, அதனால் 'இந்தக் காலாண்டுக் கூட்டம் எப்போது' என்று கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நோட்டீஸ் பெரும்பாலும் நூலகத்தில், மூலைக் கடையில், பள்ளிக்கூட வாசலில் ஒட்டுவார்கள், இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். உங்கள் வார்டு எண் தெரியவில்லை என்றால் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் முகவரி போட்டால் வந்துவிடும். வார்டு எல்லையைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றி வரைகிறார்கள், ஆகவே எதிர்வீட்டு அங்கிள் பத்து வருடம் முன்பு சொன்ன எண்ணை நம்பாதீர்கள். ஈதெக்வினியில், அதாவது டர்பன் மாநகரத்தில், 2021 நவம்பர் 1 தேர்தலின்போது 111 வார்டுகள். ஆனால் கவுன்சிலர்கள் 222 பேர். மீதிப் பாதிப் பேர் கட்சிக்கு விழுந்த வாக்கின் கணக்கில் உள்ளே வந்தவர்கள், அவர்களை பி.ஆர். கவுன்சிலர் என்பார்கள். வார்டு கவுன்சிலர் போனை எடுக்கவில்லை என்றால் உங்கள் பகுதியைக் கவனிக்கும் பி.ஆர். கவுன்சிலர் யாரென்று விசாரியுங்கள். எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது, கேள்வி கேட்பதற்கு அவருக்கு உற்சாகம் அதிகம்.

காலண்டரில் ஒரே ஒரு பருவத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல், மே. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் ஆரம்பித்து ஜூன் 30இல் முடிகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்கு 90 நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள் சபையில் வைத்தாக வேண்டும், பிறகு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். தண்ணீர் கட்டணம், மின்சாரக் கட்டணம், ரேட்ஸ் என்கிற சொத்து வரி எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஜூலையில் பில்லைப் பார்த்துக் கத்துகிறவர்களில் எத்தனை பேர் ஏப்ரலில் ஹாலுக்கு வந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நானும் கத்தினவள்தான். ஐ.டி.பி. என்ற சொல் அடிக்கடி காதில் விழும், ஐந்து வருட வளர்ச்சித் திட்டம் அது, வருடாவருடம் திருத்துவார்கள். உங்கள் தெருவுக்கு நடைபாதை வேண்டும் என்றால் அது அந்த ஐ.டி.பி.க்குள் வர வேண்டும், வராத வேலைக்குப் பணம் கேட்பது ரொம்பக் கஷ்டம்.

போவதற்கு முன்பு வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, கூட்டத்தைவிட அதுதான் முக்கியம் என்பது என் கருத்து. பழுதைப் பற்றி முன்கூட்டியே போனிலோ வாட்ஸ்அப்பிலோ புகார் கொடுத்து ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் நீங்கள் எழுந்து பேசினால் மேடையிலிருந்து வரும் முதல் கேள்வி "லாக் பண்ணினீர்களா?", அதாவது புகாரைப் பதிவு செய்தீர்களா என்பதுதான், இல்லை என்றால் அத்தோடு உங்கள் முறை முடிந்தது, உட்கார வேண்டியதுதான். எண் இருந்தால் மேடையில் இருப்பவர் எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, யாரிடம் பேசினேன், என்ன எண் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்தேன், மூன்று தேதி, மூன்று எண். கூடவே பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு போட்டோ. போனில் மட்டும் வைத்திருக்காமல் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள், போனை மேடைக்குக் கொடுத்துவிட்டு வர மாட்டீர்கள், தாளைக் கொடுத்துவிட்டு வரலாம்.

அப்படியே எது யாருடைய வேலை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர், கழிவுநீர், மின் விநியோகம், தெருவிளக்கு, குப்பை, உள்ளூர்ச் சாலை, வடிகால், நூலகம், பூங்கா எல்லாம் மாநகராட்சி. பள்ளிக்கூடமும் பெரிய மருத்துவமனையும் மாகாண அரசு, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியின் ஆர். கே. கான் மருத்துவமனைகூட மாகாணத்தின் கீழ்தான் வருகிறது. காவல்துறை தேசிய அரசு, மெட்ரோ போலீஸ் மட்டும் மாநகராட்சி. விசா, பெர்மிட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஹோம் அஃபேர்ஸ், அதாவது தேசிய அரசின் உள்துறை. நம் ஆட்களில் ஒருவர் கவுன்சிலரிடம் போய் மனைவியின் விசா ஏன் தாமதம் என்று கேட்டு, அந்தப் பாவப்பட்ட மனிதர் பத்து நிமிடம் விளக்கம் சொல்லி, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் வாட்ச்சைப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

உடை பற்றிச் சிரிப்பாக ஒன்று. இங்கே நிறம் பேசும். மஞ்சள் டி-சட்டை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, சிவப்பு ஒரு கட்சி. ஆடியில் மாரியம்மனுக்கு மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கோயிலிலிருந்து நேரே ஹாலுக்குப் போனால் யாரும் அடிக்கப்போவதில்லை, ஆனால் யாராவது ஒரு அங்கிள் "ஓ, நீங்க அந்தப் பக்கமா" என்று கண்ணடிப்பார். வெளிர் நிறமாக ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், ஒரு ஜெர்சியும், அதாவது ஸ்வெட்டரும். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம், ஸ்கூல் ஹாலின் சிமெண்டுத் தரையும் பிளாஸ்டிக் நாற்காலியும் ராத்திரி ஏழு மணிக்கு எலும்பு வரைக்கும் ஏறும். போவதைவிட வருவதை யோசியுங்கள்: மாலைக் கூட்டம் ஆறு மணி என்றால் ஆறரைக்கு ஆரம்பிக்கும், எட்டரைக்கு முடியும், அந்த நேரத்தில் மினிபஸ் டாக்ஸியை நம்பி நிற்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது போகிறாரா என்று கேட்டு அவர் காரில் போய் அவர் காரிலேயே திரும்புங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு, போகும் வழியிலேயே யார் யாரோடு பேசுவதில்லை என்கிற முழு வரலாறும் கிடைத்துவிடும்.

உட்காரும் இடம் நடுவில், நடைபாதையை ஒட்டி. முன்வரிசை கட்சிக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கும். கடைசி வரிசையில் இருப்பவர்கள் சும்மா முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் காதில் விழாது.

ஆரம்பத்தில் ஒரு பிரார்த்தனை இருக்கும். எங்கள் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பாஸ்டர், ஒரு இந்து, ஒரு முஸ்லிம் என்று மூவரும் சொல்லும் கூட்டங்களும் உண்டு. சில கூட்டங்களில் தேசிய கீதம், ஐந்து மொழிகளில் வரும், எல்லாம் தெரியாவிட்டாலும் எழுந்து நின்றால் போதும். யாராவது முஷ்டியை உயர்த்தி "அமாண்ட்லா!" என்றால் கூட்டம் "அவேத்து!" என்று திருப்பிச் சொல்லும். அதிகாரம், அது நமதே என்று அர்த்தம், நிறவெறி ஆட்சிக்கு எதிரான போராட்டக் காலத்துக் கோஷம். சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, எனக்கு முதல் தடவை வாய் வரவில்லை, இப்போது தானாக வருகிறது. பிறகு வருகைப் பதிவேடு சுற்றி வரும். பெயரும் தெருவும் எழுதுங்கள், நீங்கள் வந்ததற்கு அதுதான் சாட்சி. போன் நம்பர் கட்டத்தை நிரப்பினால் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள், அது வேண்டாம் என்றால் காலியாக விடலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு இங்கே போப்பியா என்று ஒரு சட்டம் இருக்கிறது, யாரும் வற்புறுத்தக் கூடாது.

இனி மொழி. முதலில் இங்கத்திய இங்கிலீஷைப் புரிந்துகொள்ளுங்கள். என் முதல் பொதுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து "மூன்று வாரமாக ரோபோ செத்துக் கிடக்கிறது, குழந்தைகள் ரோட்டைக் கடக்க முடியவில்லை" என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார், எனக்கு ரஜினிதான் கண்முன் வந்தார். ரோபோ என்றால் இங்கே சிக்னல் விளக்கு. அதைவிட ஆபத்தானது 'ஜஸ்ட் நவ்'. அதிகாரி "ஜஸ்ட் நவ் ஆள் அனுப்புகிறோம்" என்றால் இப்போது இல்லை, பிறகு எப்போதாவது என்று பொருள். 'நவ் நவ்' என்றால் கொஞ்சம் சீக்கிரம். நம்மூர் 'இதோ வந்துட்டேன்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 'ஜஸ்ட் நவ்' என்றதும் "எந்தத் தேதிக்குள்?" என்று கேட்டுவிடுங்கள்.

கூட்டத்துக்கென்றே இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். அஜெண்டாவில் முதலில் 'அப்பாலஜிஸ்' என்று வரும், யாரும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, வர முடியாதவர்களின் பெயரை வாசிப்பார்கள். பிறகு போன கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு. அப்புறம் 'மேட்டர்ஸ் அரைசிங்', அதாவது போன தடவை சொன்னதெல்லாம் என்ன ஆச்சு என்ற பகுதி. இதில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் 'ஜெனரல்', உங்கள் வடிகால் மூடி அங்கேதான் வரும். நேராக ஒருவரைப் பார்த்துப் பேசாமல் 'த்ரூ த சேர்' என்று தொடங்கித் தலைவரைப் பார்த்துப் பேசினால் மரியாதை. மைக் கையில் வந்த பிறகு மறந்துபோனால் பரவாயில்லை, யாரும் தண்டிக்க மாட்டார்கள்.

ஜூலுவில் பேசுகிறவர்கள் நிறைய இருப்பார்கள், சில நேரம் மொழிபெயர்ப்பார்கள், சில நேரம் மறந்துவிடுவார்கள், அப்போது கையைத் தூக்கிக் கேட்கலாம். "சனிபோனானி" என்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத் தொடங்கினால் பாதி ஹால் புன்னகைக்கும். வயதானவரை பாபா என்றும், வயதான பெண்மணியை மாமா என்றும் கூப்பிடுவது வழக்கம். ஆமாம், மாமா என்றால் அம்மா! என் மகன் ஒரு ஜூலுத் தாத்தாவைப் பாசமாக "மாமா" என்று கூப்பிட்டு அந்தத் தாத்தா வயிறு குலுங்கச் சிரித்தது எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிற கதை. தமிழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில், மதிக்கப்பட்டு வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயர் இருக்கிறது. படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் ஆட்சி மொழி அல்ல, ஹாலில் தமிழில் பேசினால் என் மாமியாருக்கே பாதிதான் புரியும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினால் எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்தில் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பிறகு கையைத் தூக்குங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் வருகிறபோதே 'நம்ம தெரு' என்ற ஒன்றோடு வருகிறோம், வார்டு அதைவிடப் பெரிது. சாட்ஸ்வர்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தை வைத்து இந்தியர்களை நகரத்திலிருந்து கிளப்பி 1960களில் கொண்டுவந்து வைத்த இடம், யூனிட் 1, யூனிட் 2 என்று எண் போட்டு. மேகசின் பேரக்ஸ் என்று மாநகராட்சித் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்தன, அங்கே இருந்த தமிழர், தெலுங்கர் குடும்பங்களெல்லாம் அப்படி வந்தவைதான். இன்றைக்கு அதே சாட்ஸ்வர்த்தில் கிராஸ்மூர் பக்கம் பாட்டில்பிரஷ் மாதிரித் தகர வீட்டுக் குடியிருப்புகள் இருக்கின்றன, ஒரே வார்டுக்குள் ஒரு பக்கம் கேட் போட்ட வீடு, இன்னொரு பக்கம் பொதுக் குழாய். நான் வடிகால் மூடிக்காகக் கையைத் தூக்கலாம் என்று நோட்டைத் திறந்தபோது, எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா எழுந்து, போன மழையில் தன் வீட்டின் பின்சுவர் மண்ணோடு போனதைச் சொன்னார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பக்கம் 400 பேருக்கு மேல் செத்துப்போன ஊர் இது, மழை என்றாலே அந்த ஹாலில் ஒரு அமைதி வரும். அவருக்குப் பிறகு நான் எழுந்தபோது நான் எழுதிவைத்திருந்த நான்கு வரி ஆவேசத்தை விட்டுவிட்டு இரண்டு வரி மட்டும் பேசினேன். பேச்சு அதனால் நன்றாகத்தான் அமைந்தது.

என் மாமியாரின் கதை வேறு. 1984 ஆகஸ்டில், வெள்ளைக்கார அரசாங்கம் இந்தியர்களுக்கென்று தனிச் சபை வைத்து ஓட்டுப் போடச் சொன்னபோது, போடாதே என்று வீடு வீடாகத் துண்டுச்சீட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், அப்போது பள்ளிக்கூடப் பெண். மிகப் பெரும்பாலான இந்தியர்கள் அன்றைக்கு ஓட்டுச்சாவடிப் பக்கமே போகவில்லை. 1894இல் இதே டர்பனில் காந்தி நேட்டால் இந்தியன் காங்கிரஸை ஆரம்பித்த காலத்திலிருந்தே இந்த ஊர்க்காரர்களுக்கு ஹால், மேசை, தீர்மானம் என்பதெல்லாம் பழக்கம். அதனால்தான் 'மீட்டிங்ல சொல்லு' என்பது அவர் வாயில் 'கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா' மாதிரி வந்தது.

பேசும் முறை: இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடையாது. பெயர், தெரு, பழுது, எந்தத் தேதிகளில் புகார் கொடுத்தீர்கள், எண்கள், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். பையன் விழுந்ததை ஒரு வரியில் சொல்லுங்கள், முழு நாடகமாகச் சொல்ல ஆரம்பித்தால் மைக் கைமாறிவிடும். நான் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "தலைவர் வழியாக. எங்கள் தெரு முனையில் வடிகால் மூடி இல்லை. மூன்று முறை பதிவு செய்திருக்கிறேன், எண்கள் இந்தத் தாளில் இருக்கின்றன. ஒரு குழந்தை விழுந்தது. இரும்பு மூடி போட்டால் மறுபடி திருடு போகும், கான்கிரீட் மூடி போட முடியுமா, எந்தத் தேதிக்குள் என்று சொல்ல முடியுமா?" தாளை மேடையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கான்கிரீட் மூடி யோசனை என்னுடையது இல்லை, காரில் வரும்போது எதிர்வீட்டு அங்கிள் சொன்னது. புகாரோடு ஒரு வழியையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்குத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

சண்டை வரும். இரண்டு கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கத்துவார்கள், ஒருவர் பழைய தேர்தலை இழுப்பார், யாராவது வெளிநடப்புச் செய்வார்கள். தேர்தல் நெருங்கினால் இது இரண்டு மடங்கு, திடீரென்று டி-சட்டையும் பிரியாணிச் சட்டியும் ஹாலுக்கு வரும். பிரியாணியைச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும், அதற்காக எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கைகலப்பு மாதிரித் தெரிந்தால் மட்டும் எழுந்து வெளியே போய் நில்லுங்கள், வீரம் காட்டுவதற்கான இடம் இல்லை அது. வெளிநாட்டுக்காரர்கள் பற்றிச் சுடுசொல் விழுந்தாலும் மேடையைப் பார்த்து "த்ரூ த சேர்" என்று நிதானமாகத் தலைவரின் பொறுப்பில் விடுங்கள், நேராகப் பதிலடி கொடுக்காதீர்கள். எனக்கு ஒரே ஒரு முறை நடந்தது, நான் வாய் திறப்பதற்குள் என் முன்வரிசை ஆன்ட்டி திரும்பிச் சொன்ன பதிலில் அந்த ஆள் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். டீயும் சமூசாவும் வரும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது. மேடையில் இருக்கும்போது கவுன்சிலர் ஐம்பது பேருக்குப் பதில் சொல்கிறார், டீக் கோப்பையோடு நிற்கும்போது ஒருவருக்கு. ஆனால் அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும், நான் அவரை விட்டுவிட்டு மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். வார்டு கமிட்டிச் செயலாளர். "என் தெருப் பெயரைச் சரியாக எழுதினீர்களா?" என்று கேட்டு, அவர் மின்னஞ்சல் முகவரி வாங்கி, அன்றைக்கு ராத்திரியே மூன்று எண்ணையும் இரண்டு போட்டோவையும் அனுப்பினேன். மாநகராட்சிக்கு மனுக்களையும் புகார்களையும் வாங்கிப் பரிசீலிக்கும் முறை இருந்தாக வேண்டும் என்று அதே 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே இதிலும் நடக்கவில்லை என்றால் தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுக்கலாம், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் சத்தத்தை அணைத்துவிடுங்கள். காலை வணக்கப் பூக்களுக்கும் தொலைந்த நாய்க்கும் நடுவே எப்போதாவது தண்ணீர் நிறுத்தம் பற்றிய அறிவிப்பு வரும், அதற்காக மட்டும் தினமும் ஒரு தடவை பாருங்கள்.

பிறகு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஒரு தடவை வந்து கத்திவிட்டுக் காணாமல் போகிறவர்களை மேடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், இரண்டாம் தடவை அதே முகம் வரும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டாம் தடவை நான் போனபோது மூடி இன்னும் வரவில்லை, குழியைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா மட்டும் கட்டியிருந்தது. ஆனால் மேட்டர்ஸ் அரைசிங்கில் நான்காவதாக எங்கள் தெரு வந்தது. நான் கையைத் தூக்காமலே வந்தது. "வேலைக்கு உத்தரவு போயிருக்கிறது, கான்கிரீட் மூடி, மாதம் முடிவதற்குள்" என்று வாசித்தார்கள். மினிட்ஸில் தெருப் பெயரில் ஒரு எழுத்து மட்டும் தப்பாக இருந்தது, பக்கத்து யூனிட்டில் கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு தெரு உண்டு, மூடி அங்கே போய் இறங்கிவிடும். எழுந்து "த்ரூ த சேர்" என்றேன், திருத்தச் சொன்னேன், அந்தச் செயலாளர் பேனாவால் அடித்து எழுதி என்னிடம் தூக்கிக் காட்டினார்.